இரண்டு வீடு தள்ளி

சோப்புத் தொழிற்சாலையில் வேலை செய்த அத்தனை பேரும் ஒரு புதன்கிழமை சாயங்காலம் தங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிப் போய்ச் சேர்ந்தார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. ஒரே தெரு, ஒரே வரிசை, எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, எதிரே தொழிற்சாலையின் நீண்ட மதில். ஸ்டோர்கீப்பர் தன் வீட்டு வாசலைத் தாண்டி, அடுத்த வாசலையும் தாண்டி, ஃபிட்டர் வீட்டுக்குள் நுழைந்தார். செருப்பைக் கழற்றினார், கைகால் கழுவினார், கொடியில் கிடந்த துண்டை உருவி முகம் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றார். ஃபிட்டரின் மனைவி தட்டை எடுத்து வைத்தாள். அதே நேரத்தில் ஃபிட்டர் இன்னும் இரண்டு வீடு தள்ளி, தெருவின் கடைசி வீட்டில், பாய்லர்காரருடைய நாற்காலியில் சாய்ந்து பாய்லர்காரருடைய விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கும் இதே கதைதான். வரிசையின் முதல் இரண்டு வீடுகளுக்கு மட்டும் யாரும் வரவில்லை. முதல் வீட்டில் கேன்டீன்காரரின் மனைவி கொஞ்ச நேரம் வழி பார்த்துவிட்டு, நிம்மதியென்று விளக்கை அணைத்துப் படுத்தாள். இரவுகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்வதற்கில்லை. ஆளுக்கொரு பாயை முன்னறையில் விரித்துக்கொண்டதாகத்தான் பின்னாளில் எல்லோரும் சொன்னார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். தக்காளி விலை இறங்கியிருந்ததைத் தவிர மறுநாள் குழாயடியில் வேறெந்தச் செய்தியும் பேசப்படவில்லை.

காரணம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். தொழிற்சாலையின் கணிப்பொறி அறையில் தனியாக வேலை பார்த்தவள். அவளைவிட மூத்தவரான மேனேஜர் முதல் கேட்டில் நிற்கும் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் சிஸ்டம் அக்கா. அந்தக் குளிர்ந்த அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு கறுப்பு இயந்திரம் நின்றது. திரையில் பச்சை எழுத்துகள். சம்பளம், சரக்கு, கேட் வருகை எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான். அந்த மாதிரி இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு ஃபைலில் எந்த விவரம் எந்த இடத்தில் எத்தனை எழுத்துக்கு இருக்கிறது என்பதைப் பார்த்து அதற்கொரு முத்திரை போட்டு வைக்கும். அந்த ஃபைலைப் படிக்கிற ஒவ்வொரு புரோகிராமும் தான் பிறந்த அன்று பார்த்த முத்திரையை மனத்தில் வைத்திருக்கும். பின்னால் ஃபைலில் ஓர் எழுத்து கூடினாலும் போதும், இயந்திரம் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, நீ நினைக்கிற ஃபைல் இது இல்லை, போய் வா என்று புரோகிராமைத் திருப்பி அனுப்பிவிடும். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். பழைய ஞாபகத்தோடு அடுக்களைக்குள் வருகிறவன் உப்பு டப்பாவில் சர்க்கரையைத் தேடுவான் இல்லையா? இதற்கு வைத்தியமும் சுலபம். புரோகிராமின் மூலத்தை, அதாவது ஆள் உட்கார்ந்து எழுதிய வரிகளை, மறுபடி இயந்திரத்திடம் கொடுத்தால் அது புது முத்திரையோடு புரோகிராமை மறுபடி பெற்றுத் தந்துவிடும்.

மூலம் கையில் இருந்தால். தொழிற்சாலைக்குள் வருகிற ஆட்களையும் வெளியே போகிற ஆட்களையும் பெயரும் வீட்டு எண்ணும் பார்த்துக் கேட்டைத் திறந்துவிடுகிற அந்தப் பழைய புரோகிராமின் மூலம் அவளிடம் இல்லை. பல வருஷங்களுக்கு முன்பு, இயந்திரத்தில் இடம் நிரம்பிப்போய், வேண்டாததை எல்லாம் கழித்துக்கட்டச் சொன்னபோது, ‘பழசு’ என்று பெயர் வைத்திருந்த ஒரு தொகுப்பை அவள் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தாள். பெயர் பழசு, உள்ளே இருந்தது கேட்டின் உயிர். தெரிந்தபோது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நகலெடுத்து வைக்கும் காப்பு நாடாக்களில் தேடினாள். அவற்றின் மேலேயே வாரா வாரம் புதிதாக எழுதியிருந்தவளும் அவள்தான். தைத்த சட்டை இருக்கிறது, வெட்டிய அளவுத்தாள் இல்லை. சட்டை கிழியாதவரை யாருக்கும் தெரியப்போவதில்லை என்று வாயை மூடிக்கொண்டாள். தணிக்கைக்கு வந்தவர்கள் எல்லா மூலமும் பத்திரமா என்று கேட்டார்கள். பத்திரம் என்றாள். அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வருஷத் தணிக்கையில் இறங்கியது.

அந்தப் புதன்கிழமைக்கு முன்னால், விபத்து நேர்ந்தால் உதவும் என்று எல்லா ஆட்களின் ரத்தப் பிரிவையும் ஃபைலில் சேர்க்க உத்தரவு வந்தது. பெயருக்கும் வீட்டு எண்ணுக்கும் நடுவில் இரண்டெழுத்துக்கு இடம் விட்டாள். ஏபி பாசிட்டிவ்காரர்களுக்கு அந்த இடம் போதவில்லை, அது வேறு ரகளை. மற்றப் புரோகிராம்களையெல்லாம் ஒழுங்காக மறுபடி பெற்றெடுத்தாள். கேட் புரோகிராமை மட்டும் தொடவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் புதன்கிழமை காலையில் வந்தது. இயந்திரம் முத்திரைகளை ஒத்துப் பார்த்தது, கேட் திறக்கவில்லை, காலை ஷிஃப்ட் முழுவதும் வெயிலில் நின்றது. மேனேஜர் ஃபோன் செய்தார். “சிஸ்டம் அக்கா, வெளிய ஊரே நிக்குது. எவ்ளோ நேரமாகும்?” உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் சொன்னது, “ரெண்டே நிமிஷம் சார்.” பிறகு இயந்திரத்திடம் ஒரே ஒரு வரி தட்டினாள்: இந்த ஃபைலுக்கு முத்திரை பார்க்காதே. அவள் தொழிலில் இருக்கிறவர்கள் யாரிடமும் சொல்லாமல் செய்து, யாரிடமும் சொல்லாமல் வருந்துகிற காரியம் அது. கேட் திறந்தது. அன்று கூட்டத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும், “அக்கான்னா அக்காதான், வேற யாரால முடியும்?” என்றார். கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து அடக்கம் என்று நினைத்தார்கள். சாயங்காலம் புரோகிராம் பழைய இடத்திலேயே வீட்டு எண்ணைத் தேடியது. எண்ணோ இரண்டிடம் தள்ளிப்போயிருந்தது. ஆட்களும் இரண்டு வீடு தள்ளிப் போனார்கள்.

கணிப்பொறி அறைக்காரியின் பெயர் அந்த ஃபைலில் இல்லை. அவள் வழக்கம்போல் கடைத்தெருவில் மருந்துக்கடை மாடியிலிருந்த தன் அறைக்குப் போனாள், ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு குடியிருப்புக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பாய்லர்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு பாய்லர் சூட்டில் நின்று அவளைக் கணிப்பொறி படிக்கவைத்தவர். கடைசி வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் நாற்காலியில் ஃபிட்டர். “வாம்மா, உக்காரு,” என்றார் அவர், அண்ணன் சொல்வது மாதிரியே. அண்ணி முற்றத்தில் குந்தி, ஏற்கெனவே பளபளத்த பாத்திரத்தை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா எங்க அண்ணி?”

“உள்ளதான இருக்காரு, பாக்கலியா?” என்றாள் அண்ணி பாத்திரத்திடம்.

வெளியே வந்து தெரு முடிகிற இடத்தைப் பார்த்தாள். அங்கே வீடு கிடையாது. முள்செடி மண்டிய பொட்டல், அதன் நடுவில் துருப்பிடித்த பழைய தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். “வா வா, உள்ள வா. செருப்பை அங்கயே விடு,” என்றார். அவள் முள்ளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனாள். “அண்ணி தண்ணி கொண்டாருவா, உக்காரு,” என்று சொல்லிவிட்டு, அவர் பொறுமையாகப் பொட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து எழுப்பி, வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசல்வரை பேசிக்கொண்டே வந்தவரின் கால்கள் வாசலில் நிற்காமல் அப்படியே திரும்பிப் பொட்டலுக்கே நடந்தன. கடைசிக்கு முந்தின வீட்டு லோடிங் மேஸ்திரியும் முதலில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கட்டைப் பிரம்மச்சாரி, வீடு ரொம்ப ஒழுகுதுப்பா என்று சொல்லிவிட்டு வேலையையும் விட்டுப் பக்கத்து ஊரில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார், பிழைத்தார். அண்ணனுக்குப் போக வேறு இடம் இல்லை. வரிசையின் முனையில் இருப்பது வெளியே தள்ளப்பட்டால் இயந்திரம் அதை எங்கேயும் எடுத்து வைக்காது, உதிர்த்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமையே போய் ஒரு வரியை மாற்றியிருக்கலாம். மாற்றினால் கேட் மூடிக்கொள்ளும், ஏன் என்று கேட்பார்கள், மூலம் எங்கே என்பார்கள். ரத்தப் பிரிவைத் தூக்கிவிடலாமே என்றால், அதற்குள் சம்பளமும் மருத்துவ அறையும் புது ஃபைலுக்குப் பழகிவிட்டன. அதை எடுத்தாலும் ஏன் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு ‘ஏன்’ நின்றது. ஆகவே அவள் அண்ணனுக்குத் தார்ப்பாய் வாங்கினாள். ஒரு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோனாள். ஒரு கட்டிலும் ஒரு கண்ணாடியும் வாங்கினாள், கண்ணாடியை மாட்டுவதற்குச் சுவர் இல்லாததால் தொட்டியில் சாய்த்துவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு எவ்வளவு போட்டாலும் போதாது. அண்ணன் வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தார், பொட்டலை வீடென்றே நம்பினார், கதவைச் சாத்து, ஊதக்காற்று வருகிறது என்றார். அவள் எழுந்து போய் ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் ஒன்றுமில்லாத ஒரு கதவைச் சாத்திவிட்டு வருவாள். திரும்பி நடக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருக்கும். கடைத்தெருவில் யாராவது, அக்கா சௌக்கியமா என்றால் சௌக்கியம் என்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அண்ணனின் சட்டைக்குப் பின்னால் தொட்டியின் துரு தெரிய ஆரம்பித்தது. பழைய சட்டை, சாயம் போயிருக்கும் என்று புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். புதுச் சட்டை கெட்டியாக இருந்தது. கழுத்துக்கு மேலே முள்செடி தெரிந்தது. பாய்லர் பிரிவில் ஆட்கள் அவர் நிற்பது தெரியாமல் அவர்மேல் மோதிக்கொண்டு, மன்னிச்சுக்கங்க அண்ணே என்று விலகினார்கள். மருத்துவ அறையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். “இளைச்சுட்டேன்ல? நல்லதுதான், முட்டிவலியே இல்ல,” என்றார் அவர். மழை முதலில் அவர்மேல் விழுந்தது, பிறகு கொஞ்சம் அவர்மேலும் கொஞ்சம் அவர் வழியாகவும் விழுந்தது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் கையை நீட்டி வாங்கினார். டம்ளர் அவர் கைக்குள்ளேயே இறங்கி, கைக்கு அடியில் வெளியே வந்து, சேற்றில் விழுந்தது. அவர் சிந்தின காப்பியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். முகம் சிறுத்துப்போய், “மன்னிச்சுக்கோம்மா, கை நழுவிடுச்சு. புடவைல பட்டுச்சா?” என்றார். பிறந்ததிலிருந்து அண்ணன் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் டம்ளரை எடுத்துத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட் வருவதற்கு முன்பே போய், முத்திரையைப் பார் என்று இயந்திரத்துக்குச் சொன்னாள். இயந்திரம் பார்த்தது. கேட் திறக்கவில்லை. வெளியே கூட்டம் சேர்ந்தது, ஃபோன் அடித்தது. அவள் அதை எடுக்காமல் மேனேஜர் அறைக்கே நடந்து போனாள்.

“கேட் புரோகிராமோட சோர்ஸ் இல்ல சார். தொலைஞ்சு போய் வருஷக்கணக்காச்சு. நான்தான் அழிச்சேன்.”

“அப்ப அன்னிக்கு ரெண்டு நிமிஷத்துல ஓடுச்சே, எப்படி?”

“பாக்காதேன்னு சொல்லிட்டேன் சார்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்ட வைத்தவர் அவர்தானே, அவராலும் நிமிர முடியவில்லை. கடைசியில், “புதுசா எழுத எத்தன நாள் ஆகும் மேடம்?” என்று கேட்டார். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றைக்கு வேலை இல்லையென்று காவல்காரர் அறிவித்தார். கூட்டம் குடியிருப்புக்குத் திரும்பியது. ஒவ்வொருவருடைய காலும் அவரவர் சொந்த வாசலில் போய் நின்றுவிட்டது. கதவுகள் திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, ஆனாலும் பச்சைக் கதவுகள் அத்தனையும் சுவரோடு சுவராக இறுகிக்கொண்டன. ஸ்டோர்கீப்பர் தன் வீட்டு வாசலில், ஃபிட்டர் தன் வீட்டு வாசலில், எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேன்டீன்காரர் தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார். கடைசி வீட்டு வாசலில் அண்ணன், பின்னாலிருந்த கதவின் பச்சை தெரிய நின்றார். கதவைத் தட்டினார், தட்டின சத்தம் கேட்கவில்லை. ஓடிவந்த தங்கை தட்டினாள்.

“யாரு?” என்றாள் அண்ணி உள்ளிருந்து.

“நான்தான்,” என்றார் அண்ணன்.

“இத்தன நாளா வந்தவரும் நான்தான்னுதான் சொன்னாரு,” என்றது குரல்.

தான் எங்கேயும் போகவில்லை என்றே அண்ணன் நினைத்திருந்தார். தெருவே திரும்பிப் பார்க்க, சிஸ்டம் அக்கா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள். “அண்ணி, இது உங்க வீட்டுக்காரருதான். நான்தான் இவரைத் தொலைச்சேன். என்கிட்ட இருக்க வேண்டியது ஒண்ணு இல்ல, அது வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னு யாரையும் பாக்காம உள்ள விடச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சப்புறமும் விட்டேன் அண்ணி. இவரு அந்தப் பொட்டல்ல மழைல கரையறத வாரா வாரம் வந்து பாத்துட்டு, சாப்பாடு குடுத்துட்டுப் போனேன்.” மதிலுக்கு அந்தப்பக்கம் ஓடாத பாய்லர் ஆறிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கதவு திறந்தது. அண்ணி நாத்தனாரைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை, நிலைப்படியைப் பார்த்தாள். “எனக்கு மொத நாளே தெரியும்,” என்றாள். “செருப்பு கழட்டற சத்தமே வேற. பக்கத்துல எல்லாம் சும்மா இருந்தாங்க. நான் மட்டும் போய், எங்க வீட்ல வேற ஆள் இருக்காருன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு சொல்லிடலாம், நாளைக்கு சொல்லிடலாம்னு...” அதற்குமேல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது அந்த வீட்டு வாசலோடு நிற்கவில்லை. இரண்டு வீடு தள்ளி ஃபிட்டரின் மனைவி கதவைத் திறந்து, எனக்கும்தான் தெரியும் என்றாள். அதற்கடுத்த கதவு திறந்தது, அதற்கடுத்தது. அண்ணனைத் தவிர எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தது. தட்டு வைத்தவர்களுக்கும் தெரியும், தட்டில் சாப்பிட்டவர்களுக்கும் தெரியும். ஃபிட்டர் அடுத்தவர் விசிறியை எடுத்த அந்தக் கணமே கைப்பிடி தன் விசிறியைப் போல இல்லாமல் கரடுமுரடாக இருந்ததை உணர்ந்திருந்தார். பிள்ளைகளுக்கும் தெரியும், முறைத்துப் பார்க்காதே என்று அம்மாக்கள் கிள்ளிவைத்திருந்தார்கள். ஆளாளுக்குத் தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்து, மானம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையே கழித்திருந்தார்கள். இயந்திரத்துக்காவது பார்க்காதே என்று ஒருத்தி ஒரு வரி எழுதவேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் ஸ்டோர்கீப்பர் போய், ஃபிட்டர் வீட்டுக் கொடியில் தன் கையால் துவைத்த துண்டைப் போட்டுவிட்டு வந்தார்.

புது கேட் புரோகிராமை எழுதி முடிக்க அவளுக்குப் பல வாரங்கள் ஆயின. தாமதத்தை எப்படிக் கணக்கிடுவது, அரைநாள் என்றால் எதுவரை என்றெல்லாம் பிரிவு பிரிவாகப் போய் நின்று கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. எங்கே போனாலும் பேச்சு நின்றுவிடும். அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்வார்கள். அதுவரை காவல்காரர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டைத் திறந்துவிட்டார், ஒரு நாளும் தவறு நடக்கவில்லை. ஃபிட்டர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டார். கிடைக்கவில்லை. இப்போதும் மதிலோரமாகத்தான் நடந்து போகிறார்.

அண்ணன் முழுசாகத் திரும்பவில்லை. சாப்பாடும் வெயிலும் சேரச் சேரக் கை கெட்டிப்பட்டது, டம்ளர் நின்றது, கதவைத் தட்டினால் சத்தம் வந்தது. மார்புப் பக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சட்டையைக் கழற்றினால் அந்தப்பக்கம் இருப்பது தெரியும், கொஞ்சம் கலங்கலாக, ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல் தெரிகிற மாதிரி. மருத்துவ அறையில் அதை அவருடைய அட்டையில் குறித்துக்கொண்டார்கள். பாய்லர் பிரிவில் பழகிவிட்டது. அவர் மறைத்து நின்றாலும் அளவுமானியைப் படிக்க முடிகிறது, அது வசதி என்றுகூடச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வருகிறாள். புழுக்கம் தாங்காமல் அவர் சட்டையில்லாமல் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருப்பார், அவள் அவருக்கு எதிரே உட்காருவாள். அவருடைய மார்பு வழியாக, உள்ளே அடுப்பின் முன்னால் அண்ணி நிற்பது தெரியும். அண்ணி சட்டென்று திரும்பும்போது இரண்டு பேருடைய கண்ணும் அவருக்குள் சந்தித்துவிடும். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

“என்னத் தாண்டி ரெண்டு பேருக்கும் அப்படி என்ன பேச்சு?” என்பார் அண்ணன்.

ஒன்றுமில்லை என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.